அக்காவை அம்மாவாக்கிய பாட்டு

போன கிழமை நம்முடைய பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி அந்தப் பழைய பாட்டைப் போட்டிருந்தாள். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, கேட்டவுடன் கண்ணீர் வந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாள். அரை மணித்தியாலத்துக்குள் இருபது பேர் அழுகிற முகங்களை அனுப்பினீர்கள். இப்படி மனம் திருந்திப் பாட இனி யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். செய்த பிழைக்கு மனிதன் அழுதால் தெய்வமே இறங்கும் என்று இன்னொருவர் எழுதினார். நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். கண் மங்கினவர்கள் எழுத்தைப் பெருப்பித்து வாசியுங்கள்.

அந்தப் பாட்டு வந்ததற்குப் பிறகு இந்த ஊரில் எவ்வளவோ நடந்துவிட்டது. வீடுகள் எரிந்தன. கடல் ஏறி வந்தது. நம்முடைய வகுப்பிலேயே ஆறு பேர் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் கடலில் போன கதையை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். மற்றச் சாவுகளுக்கு யாரும் பாட்டுப் பாடி மன்னிப்பு வாங்கவில்லை. அதுதான் காரணம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தோம். கப்பல் ஊதினால் எங்கள் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டி நடுங்கும். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் சோற்றிலும் மணல், பாயிலும் மணல். உதடு வெடித்து உப்புக் கரிக்கும். காயப்போட்ட சீலைத் தலைப்பைச் சப்புவதற்கென்றே புள்ளிமான்கள் ஒழுங்கைக்குள் வரும். அம்மா விளக்குமாற்றோடு ஓடுவார்.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். தங்கை ஒருத்தி, தம்பி ஒருவன், இரண்டு பேரையும் அம்மாதான் வளர்த்தார். தங்கை என்னுடைய சின்னம்மா. ஆசிரியை. பள்ளிக்கூட விழாக்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பவர். பச்சை மையில்தான் எழுதுவார். தம்பி சின்னமாமா. பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு ஓர் இசைக்குழுவில் டோலக் அடித்துக்கொண்டிருந்தார். கச்சான் வெயிலில் டோலக்கின் தோல் இறுகி, தட்டினால் வெண்கலம் மாதிரிக் கேட்கும். டோலக் இல்லாத நேரத்தில் கதிரைச் சட்டம், தண்ணீர் வாளி, என்னுடைய தலை. ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு நக்கல் பாட்டு இருந்தது. மீன்காரருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று. அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். அவருக்கும் ஒன்று இருந்தது. அதை அப்பா வீட்டில் இல்லாதபோது மட்டும் பாடுவோம்.

அந்த இசைக்குழுவின் பாட்டுக்காரரைத்தான் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சுருட்டை மயிர், வெள்ளைச் சேர்ட், மைக்கைப் பிடித்தால் ஊர் அடங்கும். சின்னமாமாவுக்கு அவர் என்றால் உயிர். அண்ணே அண்ணே என்று பின்னால் திரிவார். சின்னம்மாவுக்கும் அவருக்கும் ஏதோ இருந்தது, அதனால்தான் சின்னம்மா கலியாணம் செய்யவில்லை என்று கதை கட்டியவர்களும் உங்களில் உண்டு. அது பொய். சின்னம்மா அவருடன் பத்து வார்த்தைகூடக் கதைத்ததில்லை.

அந்தக் கச்சான் காலத்தில் மூதூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழாவுக்குக் குழு போனது. மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் வாத்தியங்களோடு லோஞ்ச் படகில் திரும்பிவிட்டார்கள். பாட்டுக்காரரை மட்டும் ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கு மறித்தார்கள். அவர் சின்னமாமாவையும் தன்னோடு நிற்கச் சொன்னார். சாப்பிட்டு வர லோஞ்ச் போய்விட்டது. பிறகு ஒரு மீன்பிடிகாரரைக் கெஞ்சி, அவருடைய சின்ன வள்ளத்தில் இருவரும் ஏறினார்கள். வள்ளம் அதிகம் போகவில்லை. கரையில் நிற்கிற ஆள் தெரிகிற தூரத்திலேயே காற்று அதைப் புரட்டியது. மீன்பிடிகாரருக்குக் கையில் அடி. அவர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மற்ற இருவரும் கரையைப் பார்த்து நீந்தினார்கள். முன்னால் ஓராள், பின்னால் ஓராள் போனதைக் கண்டதாகவும், பிறகு அலைதான் தெரிந்தது என்றும் அவர் விசாரணையில் சொன்னார். முன்னால் போனவர் கரையேறினார். பின்னால் போனவரை இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள்.

அந்த மீன்பிடிகாரர் மூதூர் முஸ்லிம் மனிதர். கையைத் துணியால் தூக்கிக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தைப் படியில் இருந்தார். அம்மாவைப் பார்த்து, "என்ட பிழை தங்கச்சி. அந்தக் காத்துக்குள்ள நான் எடுத்திருக்கப்படாது" என்றார். அவ்வளவுதான். அம்மா உள்ளே போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் இடக்கையால் வாங்கிக் குடித்தார். குடிக்கும்போது அழுதார். அந்த மனிதரைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

பாட்டுக்காரர் செத்தவீட்டுக்கு வந்து வேலிக்கு அருகில் நின்றார். அம்மா எழும்பிப் போய் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அவன் கடைசியா என்ன சொன்னவன்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு வார்த்தை வருகுதில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. அம்மா சமைப்பார், கூட்டுவார், எல்லாம் செய்வார். ஆனால் இடையில் கையை நிறுத்திக்கொண்டு, என்ன சொல்லியிருப்பான் என்று கேட்பார். யாரிடம் என்று இல்லை. அடுப்பிடம் கேட்பதுபோல இருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சின்னம்மா ஒரு கடிதம் எழுதினார். வார்த்தை வராதவனுக்கு நான் வார்த்தை கொடுக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அதை நாலாக மடித்து என்னிடம் தந்தார். பாட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு முன்னால் வந்து இதை வாசித்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் சந்தைக்குப் பின்புறத்து மதிலோரம் நின்று அதைப் பிரித்து வாசித்தேன். வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு எதை எழுதினாலும் சந்தத்தில்தான் வரும்.

நீட்டிய கையை விட்டுவந்தேன் - என்
நெஞ்சில் கடலைக் கட்டிவந்தேன்
கரையைத் தொட்டும் கரையேறேன் - அக்கா
கண்திறந்து என்னைப் பாரீரோ

இப்படிப் பக்கம் முழுக்க இருந்தது. கண்ணிக்குக் கண்ணி அக்கா, அக்கா. சின்னம்மா அந்த வள்ளத்தில் போகவில்லை. கடலில் என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது. அம்மா எதைக் கேட்டால் தூங்குவார் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பாட்டுக்காரரின் தாய்தான் கதவைத் திறந்தார். மெலிந்த, சத்தமில்லாத பெண். என்னை இருத்தி, ஒரு பயத்தம் பணியாரத்தைக் கையில் வைத்து, என்னுடைய தலையைத் தடவி, அம்மா சாப்பிடுகிறாவோ என்று கேட்டார். பாட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அவருடைய கண் கலங்கியதை நான் கண்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா முற்றத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டினார். விறாந்தையில் இரண்டு கதிரைகள் போட்டார். அப்பா கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்தார். இருட்டும்வரை இருந்தோம். அடுத்த வெள்ளியும் இருந்தோம். அதற்கடுத்த வெள்ளி அம்மா கதிரைகளை உள்ளே எடுத்துவிட்டார்.

பிறகு அம்மன் கோயில் திருவிழா வந்தது. தீர்த்தத்தன்று பின்னேரம், வெயில் தணியாத நேரம், மேடையில் அதே இசைக்குழு. புதிதாக வேறு ஒருவர் டோலக். பாட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தான் எழுதிய ஒரு பாட்டைப் பாடப்போவதாகச் சொன்னார். தான் எழுதிய என்றுதான் சொன்னார். நீங்கள் இப்போது கேட்டு அழுகிற பாட்டு அதுதான்.

ஒரு சொல்லைத்தான் அவர் மாற்றியிருந்தார். அக்கா என்ற இடமெல்லாம் அம்மா. பாரீரோ என்பது பாராயோ. அளவு பிசகவில்லை, சந்தம் இடறவில்லை. எங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவர் கோபுரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சனம் விம்மியது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். பாவி மனம் திருந்துவதை நேரில் காண்கிறோம் என்ற சந்தோசம் எல்லோருக்கும்.

அம்மா பாட்டு முடியமுன் எழும்பிவிட்டார். சின்னம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். கச்சான் கடலை விற்கிற கடைகளைத் தாண்டியபோது சின்னம்மா சொன்னார்:

"அது நான் எழுதினது அக்கா. உங்களுக்கு எழுதினது."

அம்மா நடையை நிறுத்தவில்லை. "அப்ப அவன் அம்மனிட்டச் சொல்லிட்டான். அம்மன் மன்னிச்சிடுவா. எனக்கு ஒண்டும் இல்லை" என்றார்.

அப்பா கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தார். நல்ல மனிதர் அவர். ஒலிபெருக்கியில் வருவது எல்லாம் உண்மை என்று நம்புகிறவர். பெடியன் உருகிவிட்டான், இனி நாங்களும் மறப்போம் என்றார். கடிதத்தைப் பற்றி இரண்டு பெண்களும் அவரிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சொன்னாலும் பாட்டு நல்ல பாட்டுத்தானே என்று சொல்லிவிடுவார் என்று பயந்தார்களோ தெரியாது.

பாட்டு வானொலிக்குப் போனது. தேநீர்க் கடையில், சலூனில், மூதூர் லோஞ்சில் எல்லாம் அதுதான். அம்மா மீன் வாங்கப் போனால் மீன்காரரின் வானொலியில் தம்பியின் சாவு தாளத்தோடு வரும். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அயலவர்கள் வந்தார்கள், அப்பாவின் சிநேகிதர்கள் வந்தார்கள். கடைசியில் நம்முடைய பெரிய வாத்தியாரும் வந்தார். நீங்கள் எல்லோரும் கும்பிடுகிற மனிதர். அவர் அம்மாவிடம், "அவன் ஊருக்கு முன்னால அழுதிட்டான் பிள்ளை. இனியும் மனசில வைச்சிருக்கிறது பாவம்" என்றார். அன்றிலிருந்து பாவம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. சின்னம்மா பச்சை மைப் போத்தலைக் கிணற்றடியில் கவிழ்த்து ஊற்றினார். வாழைப் பாத்தியில் இரண்டு நாள் பச்சையாக ஊறிக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு பாட்டும் எழுதவில்லை.

நான் எழுதினேன். கொப்பியின் பின்பக்கத்தில், கணக்குப் பாட நேரம். அதே மெட்டு. கடைசி அடிக்குப் பிறகு சேர்த்துப் பாட ஒரு கண்ணி.

உதறின கையைச் சொல்லடா - நீ
ஓடின ஓட்டம் சொல்லடா
அக்கா வீட்டுப் படலையிலே - வந்து
அழுதுபோட்டுச் செல்லடா

சின்னம்மா விட்டுவந்தேன் என்றுதான் எழுதியிருந்தார். எனக்கு அது காணாது. விட்டு என்றால் நழுவியது என்றும் எடுக்கலாம். உதறின என்று போட்டேன். போட்டவுடன் உடம்பெல்லாம் சூடாகி ஒரு சந்தோசம் வந்தது. அதைப் போன்ற சந்தோசம் பிறகு என்னுடைய பிள்ளைகள் பிறந்தபோதுதான் வந்தது. பொய் சொல்லவில்லை.

இனி நீங்கள் மறந்துபோனது. இடைவேளையில் மாமரத்துக்குக் கீழே அதை நான் பாடினேன். நீங்கள் படித்தீர்கள். தண்ணீர்க் குழாயடியில் பாடினீர்கள், பஸ் தரிப்பில் பாடினீர்கள். இரண்டு கிழமைக்குள் டச்சுக்குடாவில் பந்தடிக்கிற பெடியன்களுக்கும் அது தெரிந்திருந்தது. வானொலியில் பாட்டு முடியும், தெருவில் சிறுவர்கள் மிச்சத்தை முடிப்பார்கள். பரிசளிப்பு விழாவுக்குப் பாட்டுக்காரரைப் பெரிய வாத்தியார் அழைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? முன்வரிசை நான்கும் நாங்கள். அவர் கடைசி அடியை இழுத்துப் பாடி, கையைக் கூப்பி, கண்ணை மூடினார். எண்பது பிள்ளைகள் ஒரே குரலில் தொடங்கினோம். மைக் அதையும் வாங்கி மண்டபம் முழுக்கக் கொட்டியது. அவர் கண்ணைத் திறந்தார். வாய் திறந்தபடி நின்றார். பிறகு மைக்கை மெல்லத் தாங்கியில் வைத்துவிட்டு, பக்கக் கதவால் இறங்கிப் போனார். ஆறு பேருக்குப் பிரம்படி விழுந்தது. யாரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி.

அம்மாவின் காதுக்கும் அது வந்தது. குசினியில் வைத்து, யார் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா என்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்தார். அதை நான் பாராட்டு என்றுதான் இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை நிறுத்தியிருக்க வேண்டும் என்று அம்மா பிறகு எப்போதாவது நினைத்தாரோ, கேட்க முடியாது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம்.

நாங்கள் அதோடு விடவில்லை. பள்ளி விட்டு வரும்போது பாட்டுக்காரரின் வீட்டு வாசலில் நின்று பாடினோம். அவர் இருந்தாலும் பாடினோம், இல்லாவிட்டாலும் பாடினோம். அந்தத் தாய் வாளியோடு குழாயடிக்கு வர வெளிக்கிடுவார், எங்களைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விடுவார். ஒருநாள் யன்னலைச் சாத்தும்போது அவருடைய கண் என்னில் பட்டது. நான் சத்தத்தைக் கூட்டினேன். வாடைக்காற்று தொடங்கமுன் பாட்டுக்காரர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்விட்டார். தாய் கிளிவெட்டியில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கேயே செத்தார். அந்தத் தாய்க்கு இதில் என்ன பங்கு என்று அன்றைக்கு ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாடியிருப்பேன்.

சின்னம்மா இப்போது அன்புவழிபுரத்தில் என்னோடுதான் இருக்கிறார். எண்பது வயது. ஒரு கண் தெரியாது. போன மாதம் ஒரு காலை பத்து மணிக்கு வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு முதியவர் இறங்கினார். மயிர் ஒன்றுகூட இல்லை. ஆனால் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. யார் வந்திருக்கிறது என்று சின்னம்மா உள்ளே இருந்து கேட்டார். சொன்னேன். பிறகு வரச் சொன்னார்.

வந்தவர் தன்னுடைய அறுவைச் சிகிச்சைகளைப் பற்றியும், தனியே இருப்பதைப் பற்றியும் சொன்னார். இன்னும் ஒரே ஓர் ஆசை மிச்சம் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பாட்டைச் சின்னம்மா எழுதினபடியே, அக்கா என்ற சொல்லை அந்தந்த இடத்தில் திரும்ப வைத்து, ஒரு தரம் அவருக்கு முன்னால் பாட வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பாட வேண்டாம்" என்றார் சின்னம்மா. "சொல்லுங்கோ. அவன் கடைசியா என்ன சொன்னவன்?"

அவர் பொல்லின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். தாளம் இல்லாமல் அவர் கதைத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

"பின்னால வந்துகொண்டிருந்தவன். அண்ணே, கொஞ்சம் நில்லுங்கோ எண்டவன். ரெண்டு தரம். எனக்குக் கேட்டது. கேக்காத மாதிரி நீந்தினனான். திரும்பினால் நானும் போயிடுவன் எண்ட பயம். மூண்டாந்தரம் கூப்பிடேல்லை."

சின்னம்மா தலையை ஆட்டினார். "இவ்வளவுதானே. இதுக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தந்தனான்" என்றார். பிறகு, "இதை அக்காவிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் மன்னிப்பு என்று தொடங்கினார். சின்னம்மா கையை உயர்த்தி மறித்தார்.

"அது அக்காவின்ட. என்னட்ட இல்லை."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. சின்னம்மா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு படலைவரை வந்தேன். உள்ளுக்குள் எனக்கு நல்ல சந்தோசம். மறைக்கவில்லை. அம்மா கூட்டிவைத்த முற்றத்துக்கு மூன்று வெள்ளிக்கிழமை வராதவர் கடைசியில் வெறுங்கையோடு போகிறார் என்று நினைத்தேன். படலைக்கு வெளியே காலை வைத்ததும் அவர் திரும்பினார்.

"பிள்ளை, அந்தக் கை உதறின வரி. அதை ஆர் கட்டினது எண்டு தெரியுமோ?"

"நான்தான்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் உதறேல்லை பிள்ளை. அவன் எட்டுற தூரத்தில இருக்கேல்லை. என்ட அம்மா சாகும்வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலயும் அதைத்தான் கேட்டவ. மெய்யா உதறினியோடா எண்டு."

சொல்லிவிட்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மீன்பிடிகாரர் எங்கள் விறாந்தைப் படியில் இருந்து முதலில் சொன்ன இரண்டு சொல் போதும். அவை தொண்டைவரை வந்தன. அடுப்புக்கு முன்னால் கையை நிறுத்திக்கொண்டு நின்ற அம்மாவை நினைத்தேன். நினைத்து, விழுங்கினேன். படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டேன்.

ஆள் போய்விட்டாரா என்று சின்னம்மா உள்ளே இருந்து கேட்டார்.

"போயிட்டார்" என்றேன். அவர் போகவில்லை. ஓட்டோக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பாமல், படலைக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.